மட்காட் ஆசனம் அல்ல

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உழவு இயந்திரம் கலப்பை இழுக்கும் பொறி மட்டுமல்ல. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் மக்கள் பெயர்ந்தபோது முதியோரையும் குழந்தைகளையும் நெல் மூடைகளையும் சுமந்தவற்றுள் அதுவும் ஒன்று. வயலுக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேறு வாகனம் இல்லாத வீடுகள் இன்றும் உண்டு. எனவே "ஆட்களை ஏற்றாதீர்கள்" என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. எங்கே ஏற்றக்கூடாது, எங்கே ஏற்றலாம் என்று பார்ப்போம்.

நான்கு சில்லு உழவு இயந்திரத்தில் பொதுவாகச் சாரதிக்கு மட்டுமே ஆசனம் உண்டு. மட்காட்டில் இருப்பவர் சறுக்கினால் பெரிய சில்லின் முன்னால் விழக்கூடும். சாரதி பிறேக்கை மிதிக்குமுன் சில்லு ஏறிவிடும். சிலர் மட்காட்டில் இரும்பு ஆசனம் ஒட்டுவிக்கிறார்கள். இயந்திரம் புரண்டால் அது எவரையும் காப்பாற்றாது. பின் அச்சுக்குப் பின்னால் ஆள் இருந்தால் முன்சில்லு இலேசாகி, மேடு ஏறும்போது இயந்திரம் பின்பக்கமாகக் கவிழும் ஆபத்தும் கூடும். புரளும்போது காக்கும் இரும்புச் சட்டம் இருந்தால் அதில் துளையிடவோ ஒட்டவோ வேண்டாம். அதன் பலம் கெட்டுவிடும்.

பின்பக்கச் சுழல்தண்டு வழமையாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது செக்கனுக்கு 9 சுற்று சுழலும். சேலைத் தலைப்போ சாரமோ சிக்கினால் ஒரு செக்கனில் ஏறக்குறைய ஒரு மீற்றர் துணி சுற்றிக்கொள்ளும். ஆட்கள் ஏறி இறங்கும்போது அதை நிறுத்தி வையுங்கள்.

வேறு வழியே இல்லாதபோது ஆசனத்துக்கு இடம் பெட்டிதான். லான்ட்மாஸ்ரர் பெட்டியானாலும் முறை ஒன்றே. முன்பலகையை ஒட்டி, பின்புறம் பார்த்து இருக்கும்படி வாங்கு அமையுங்கள். சடுதியாகப் பிறேக் பிடித்தால் முதுகு பலகையில் தாங்கும். வாங்கை வெறும் தளப்பலகையில் ஆணி அடித்து நிறுத்தாமல், அடிச் சட்டத்துடன் போல்ட் போட்டு இறுக்குங்கள். பக்கப் பலகைகள் இருப்பவரின் முழங்கைக்கு மேல் உயரட்டும். உள்ளே கைபிடிக் கம்பியும் வேண்டும். மூடைகளின் மேல் ஒருவரும் இருக்கக்கூடாது. பாரம் முழுவதையும் பின்னால் குவித்தால் பெட்டியின் முன்பக்கம் கிளம்பும்.

லான்ட்மாஸ்ரர் ஓட்டுவோருக்கு ஒரு சொல். இறக்கத்தில் பெட்டி பின்னிருந்து தள்ளும்போது பக்கக் கிளச்சைப் பிடித்தால் இயந்திரம் நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். இறங்குமுன்பே சிறிய கியருக்கு மாற்றுங்கள்; பெட்டியின் பிறேக்கைப் பயன்படுத்துங்கள்; பக்கக் கிளச்சைத் தொடாமல் கைபிடியாலேயே திருப்புங்கள்.

புறப்படுமுன் கொளுக்கி ஊசியையும் அதன் பூட்டையும் பாருங்கள். பிள்ளை எவ்வளவு அழுதாலும் மடியில் வைத்து ஓட்டாதீர்கள். பெட்டியில் இடம் போதாவிட்டால் இரண்டு நடையாகப் போவோம். செலவாவது கொஞ்ச டீசலும் கொஞ்ச நேரமும்தான்.