சிற்பியின் உளியும் மரத்தின் ஈரமும்

ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது. 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட இடம் அது. வெயிலையும் மழையையும் கல் பொறுத்துக்கொள்கிறது. அதே மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் உள்ள அரும்பாவூர்ச் சிற்பிகள் கையாளும் பொருளோ அத்தனை பொறுமையானதன்று. அது மரம். வாகை, மா, வேம்பு ஆகிய மரங்களில் தெய்வ உருவங்களை ஒரே கட்டையில் செதுக்குவது அவ்வூரின் தனிச்சிறப்பு. 2020ஆம் ஆண்டு அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஒரே கட்டை என்பதில்தான் சிக்கலும் இருக்கிறது. பல வாரம் உழைத்து முடித்த அம்மனின் முகத்தில் ஒரு கோடையில் பிளவு விழுந்தால் என்ன ஆகும்? உழைப்பும் போயிற்று, கட்டையும் போயிற்று. இந்தப் பிளவு ஏன் வருகிறது?

மரத்தைச் சோளத்தட்டைக் கட்டுப்போல எண்ணிக்கொள்ளுங்கள். அடியிலிருந்து நுனிவரை ஓடும் நுண்ணிய குழல்களின் கட்டு அது. வெட்டியவுடன் குழல்களின் உள்ளேயும் நீர் இருக்கும், குழல்களின் சுவர்களிலும் நீர் ஊறியிருக்கும். முதலில் உள்ளே நிற்கும் நீர் வெளியேறுகிறது. அப்போது மரம் சுருங்குவதில்லை, எடைதான் குறைகிறது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் சுவர்களில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கம் அப்போதுதான் ஆரம்பம்.

அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருந்தால் தொல்லையே இல்லை. அப்படி இருப்பதில்லை. நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத்திசையில் சுமார் 4 சதவீதம். வளையங்களின் போக்கில், அதாவது சுற்றுத்திசையில், சுமார் 8 சதவீதம். (மரத்துக்கு மரம் இந்த எண்கள் மாறும். ஆனால் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு என்பது பெரும்பாலும் பொருந்தும்.)

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருளைக் கட்டையின் சுற்றளவு ஏறத்தாழ 94 செ.மீ. அது முற்றிலும் உலர்ந்தால் விட்டம் 4 சதவீதம் குறைந்து 28.8 செ.மீ. ஆகும். அந்த வட்டத்தைச் சுற்றி மூட 90.5 செ.மீ. மரம் வேண்டும். ஆனால் சுற்றுத்திசையில் மரம் 8 சதவீதம் சுருங்கி 86.7 செ.மீ.தான் மிஞ்சியிருக்கும். ஏறத்தாழ 4 செ.மீ. துண்டு விழுகிறது! அந்தப் பற்றாக்குறைதான் பிளவு. நம் ஊர்க் காற்றில் மரம் முற்றிலும் உலர்வதில்லை. 10 முதல் 15 சதவீதம் ஈரம் தங்கிவிடும். ஆகவே பிளவு இதில் ஏறத்தாழ பாதிதான் இருக்கும். சிலையின் முகத்துக்கு அதுவே அதிகம்.

இதே இடரை ஜப்பானியச் சிற்பிகளும் சந்தித்தார்கள். அவர்களும் முதலில் ஒரே கட்டையில்தான் செதுக்கினார்கள். பிறகு உருவத்தின் உட்புறத்தைக் குடைந்தெடுக்கத் தொடங்கினார்கள். குடைந்தால் மையம் போய்விடுகிறது. மிஞ்சுவது மெல்லிய சுவர். கனம் பாதியானால் உலரும் நேரம் ஏறத்தாழ கால்பங்காகக் குறையும். உள்ளும் புறமும் சேர்ந்தே உலர்வதால் இழுபறி ஏற்படுவதில்லை. அடுத்த படியாக, பல துண்டுகளைத் தனித்தனியே குடைந்து செதுக்கி ஒட்டும் முறை வளர்ந்தது. அதைச் செம்மையாக்கியவர் ஜோச்சோ. 1053இல் அவர் ப்யோதோயின் கோயிலுக்குச் செய்த அமிதா புத்தர் ஏறத்தாழ 2.8 மீட்டர் உயரம். இன்றும் உஜி நகரில் வீற்றிருக்கிறார்.

பழைய முறை அருங்காட்சியகத்தோடு முடிந்துவிடவில்லை. கட்சுரா ஃபுனகோஷி (1951-2024) கற்பூர மரத்தில் இக்கால மனிதர்களின் அரையுருவங்களைச் செதுக்கினார். தலையைக் குடைந்து, சலவைக்கல்லால் செய்த கண்களை உட்புறமிருந்து பொருத்துவார். 12ஆம் நூற்றாண்டுப் புத்தர் சிலைகளுக்குப் படிகக் கண் வைத்த அதே வழிதான். புதுமை எதில் என்று கேட்டால், அந்த வழியைச் சட்டை அணிந்த சாதாரண மனிதனுக்குக் கொண்டுவந்ததில் என்பேன்.

ஷிகெயோ தோயா (பிறப்பு 1947) வேறு வழி சென்றார். 1984இல் தொடங்கிய ‘காடுகள்’ வரிசையில், உயரமான மரச் சட்டங்களின் மேற்பரப்பைச் சங்கிலி ரம்பத்தால் ஆழக் கீறி, மேலே சாம்பல் பூசி நிறுத்தினார். பிளவுக்கு அஞ்சுவதற்குப் பதிலாகப் பிளவையே உருவமாக்கினார் எனலாம். யோஷிஹிரோ சுதா (பிறப்பு 1969) செய்வதோ உண்மை அளவிலான பூவும் புல்லும். நவோஷிமா தீவில் ஒரு வீட்டின் பாய்மேல் அவருடைய மரக் கமேலியா மலர்கள் உதிர்ந்ததுபோல் கிடக்கின்றன. வெளியே தோட்டத்தில் அசல் கமேலியா நிற்கிறது. இதழ் அளவுக்கு மெலிந்த மரத்தில் ஈரம் தேங்க இடமேது?

அப்படியானால் அரும்பாவூர் முறை தவறா? இல்லை. ஒரே கட்டை என்பதுதான் அதன் அழகு. ஒட்டுச் சிற்பத்தில் இழையின் ஓட்டம் இடையில் அறுந்துவிடும். ஒரே கட்டையையும் பிளவின்றிக் காக்க இயற்பியல் வழி காட்டுகிறது. மையம் சேராதபடி பெரிய மரத்தின் ஒரு பக்கத்திலிருந்து கட்டை எடுக்கலாம். வெட்டுமுகத்தில் மெழுகோ வண்ணமோ பூசலாம், ஏனெனில் பக்கவாட்டைவிடப் பத்து மடங்கு வேகத்தில் நீர் அவ்வழியே ஓடுகிறது. நிழலில் பொறுமையாக உலர்த்தலாம். ஜப்பானியத் தச்சர்கள் தூணின் பின்பக்கத்தில் மையம்வரை வேண்டுமென்றே ஒரு வெட்டுப் போட்டுவிடுவார்கள். மரம் பிளக்கத்தான் போகிறது என்றால், கண்ணில் படாத பக்கத்தில் பிளக்கட்டுமே!

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். புதிதாக வெட்டிய வேப்பங்கிளையிலிருந்து இரண்டு அங்குலக் கனத்தில் இரண்டு வில்லைகள் அறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் விளிம்பிலிருந்து மையம்வரை ஒரு ரம்பக் கோடு போடுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். இரண்டையும் நிழலில் வைத்து, வாரம் ஒருமுறை எடையையும் கோட்டின் அகலத்தையும் குறித்து வாருங்கள். எடை முதல் நாளிலிருந்தே குறையும். கோடு விரியத் தொடங்கும் நாள் எது என்று கவனியுங்கள்.