பூட்டு யாருடையது?

காசு கொடுத்தது நிர்வாகம். கணக்கேட்டில் எழுதி வைத்ததும் நிர்வாகம். ஆயினும் அந்தக் கைப்பேசியைத் திறக்க முடியாமல் திகைத்து நின்றதும் அதே நிர்வாகம்தான்!

அமெரிக்காவில், கலிபோர்னிய மாநிலத்துச் சான் பெர்னார்டினோ மாவட்ட நிர்வாகம், தன் சுகாதார ஆய்வாளன் ஒருவனுக்குப் பணிக்கென ஐபோன் 5சி ஒன்றைத் தந்திருந்தது. 2015 டிசம்பர் 2 அன்று அவன் மனைவியுடன் துப்பாக்கி ஏந்தி வந்தான்; உடன் உழைத்தோர் கூடியிருந்த மண்டபத்திலே 14 உயிர்களைக் குடித்தான். அன்றே இருவரும் காவலர் குண்டுக்கு இரையாயினர். சொந்தக் கைப்பேசிகளை நொறுக்கிவிட்டார்கள்; நொறுங்காமல் மிஞ்சியது அலுவலகக் கைப்பேசி.

எப்.பி.ஐ. அதைக் கைப்பற்றியது. சோதிக்க நீதிமன்ற ஆணை உண்டு. உடையவரான நிர்வாகத்தின் ஒப்புதலும் உண்டு. ஆயினும் உலகையே ஆட்டிப் படைக்கும் வல்லரசு, உள்ளங்கையளவுக் கருவியின் முன் கைபிசைந்து நின்றது! ஏன்?

மறையாக்கம் என்பது பெட்டிக்குப் போடும் பூட்டன்று, தோழர்களே! பெட்டிக்குள் கிடக்கும் ஓலையையே உருத்தெரியாமல் கலைத்துவிடும் வித்தை அது. கலைந்ததைக் கூட்டும் சாவி இரண்டு பொருளால் ஆனது. ஒன்று, நாம் அழுத்தும் கடவு எண். மற்றொன்று, ஆலையிலேயே சில்லுக்குள் பொறிக்கப்பட்டு, ஆப்பிள் நிறுவனமே குறித்து வைக்காத இரகசிய எண். ஆகவே நினைவுச் சில்லைப் பிடுங்கி வேறிடத்தில் ஆராய்ந்தும் பயனில்லை; அந்தக் கருவியிலேயே எண்ணை அழுத்திப் பார்க்க வேண்டும். பத்து முறை பிழைத்தால் சாவி அழிந்துபோகும்படியும் அமைக்கலாம்.

அந்தத் தடை மட்டும் இல்லையானால்? நான்கு இலக்க எண் பத்தாயிரம் வகைதான். கருவியே வேகமாக முயன்றால் அரை மணிக்குள் அம்பலம். சிறிய எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறியானாலோ, அத்தனையும் முயல ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும் என்பது ஆப்பிள் தந்த கணக்கு. அலுவலகக் கோப்புகளைக் கைப்பேசியில் சுமக்கும் நம்மவர் 1234 என்று வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்குகிறார்களே, என்ன துணிச்சல்!

தடையை நீக்கும் புதிய மென்பொருளை ஆப்பிளே எழுதித் தரட்டும் என்று 2016 பிப்ரவரி 16 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது. துணைக்கு அழைத்த சட்டம் 1789-ஆம் ஆண்டினது! மறுத்தார் ஆப்பிள் தலைவர் டிம் குக். கொலைகாரனுக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கேள்வி நியாயமானதே. எனினும் ஒரு பூட்டை உடைக்கச் செய்யும் கருவி, அதே வகைப் பூட்டுகள் அத்தனையையும் உடைக்க வல்லது. மருத்துவரின் குறிப்பும் வழக்கறிஞரின் கோப்பும் செய்தியாளரின் கடிதமும் அந்தப் பூட்டுக்குள்தானே கிடக்கின்றன? மறுத்தது சரி என்பதே நம் கட்சி.

நிர்வாகத்தையோ நாம் மன்னிப்பதாயில்லை. பணிக் கைப்பேசிகளைத் தொலைவிலிருந்தே ஆளவும் திறக்கவும் உதவும் மேலாண்மை மென்பொருளுக்கு அது ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தது. கைப்பேசி ஒன்றுக்கு மாதம் நான்கு டாலர் என ஏடுகள் எழுதின. ஆய்வாளனின் கருவியில் அதைப் பொருத்தவே இல்லை! போதாக்குறைக்கு, எப்.பி.ஐ. கேட்டுக்கொண்டதன்பேரில் ஐகிளவுட் கடவுச்சொல்லையும் மாற்றிவிட, கருவி தானே புதுப்படி அனுப்பக்கூடிய வழியும் அடைபட்டது. கடைசிப் படி அக்டோபர் 19-ஆம் நாளது. கொலை நடந்ததோ ஆறு வாரம் கழித்து.

அந்த மென்பொருளைப் பொருத்துகிறவர்கள் ஊழியரிடம் சொல்லிவிட்டுப் பொருத்த வேண்டும். பணிக் கைப்பேசியில் மனைவியின் கடிதமும் குழந்தையின் படமும் வந்து சேர்வது இயல்பு. மேலாளர் எதைப் பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது, எப்போது அழிக்கலாம் என்பதைக் கருவியைக் கையில் தரும் நாளிலேயே எழுதித் தருவதில் என்ன தயக்கம்?

வழக்கு என்னாயிற்று என்பீர்கள். மார்ச் 22 விசாரணை. முந்திய நாளே அரசு தவணை கேட்டது. வெளியார் ஒருவர் வழி காட்டினாராம்! 28 அன்று கருவியைத் திறந்துவிட்டதாக அறிவித்து, வழக்கைத் திரும்பப் பெற்றது. 1789-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருமா என்ற கேள்விக்கு அந்த வழக்கில் விடை எழுதப்படவேயில்லை.