எது அசல்? அமெரிக்காவின் பழைய மசில் கார்களும் அவற்றின் விலையும்

2020ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள கிஸ்ஸிம்மி நகரில் நடைபெற்ற கார் ஏலம் ஒன்றில், கரும்பச்சை நிறக் கார் ஒன்று மேடைக்கு வந்தது. அதன் வண்ணம் மங்கியிருந்தது. உடலில் ஆங்காங்கே துருவும் நெளிவும் தெரிந்தன. மற்ற கார்கள் கண்ணாடிபோல் மின்னிய அந்த மன்றத்தில், இதனைத் துடைத்துப் பளபளப்பாக்கவும் எவரும் முயன்றிருக்கவில்லை. அந்தக் கார் கட்டணங்கள் உட்பட 37.4 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அன்றைய மாற்று மதிப்பில் அது 26 கோடி ரூபாய்க்கும் மேல்.

1968ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் அது. அதே ஆண்டு வெளிவந்த 'புல்லிட்' திரைப்படத்தில், சான் பிரான்சிஸ்கோவின் மேடும் பள்ளமுமான தெருக்களில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய கார். படப்பிடிப்பிற்குப் பின் கைமாறி, 1974இல் ஓர் இதழில் வந்த விளம்பரத்தின் வழியே, 6,000 டாலருக்கு மேற்படாத விலைக்கு ஒரு நடுத்தரக் குடும்பத்தை அடைந்தது. அவ்வீட்டு அம்மையார் அந்தக் காரில்தான் ஆசிரியப் பணிக்குச் சென்று வந்தார். 1977இல் மெக்வீனே கடிதம் எழுதி அதனைத் திரும்பக் கேட்டார். குடும்பத்தார் கொடுக்கவில்லை. சில ஆண்டுகளில் கிளட்ச் பழுதாகி, கார் கொட்டகையில் நின்றுவிட்டது.

வாங்கிய விலையை 6,000 டாலர் என்றே கொண்டாலும், 46 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 15 விழுக்காடு கூட்டு வளர்ச்சி என்று கணக்கு வருகிறது. வைப்புநிதி வட்டியைக் கணக்கிட்டுப் பழகிய நம் வாசகர்களின் புருவம் இங்கே உயரக்கூடும். ஆனால் இது இலட்சத்தில் ஒன்று. இக்கட்டுரையில் நாம் இதனை எடுத்துக்கொண்டது அதன் விலைக்காக அன்று. பழைய பொருளொன்றில் 'அசல்' என்பது எது என்ற கேள்வியை இக்கார் மிகக் கூர்மையாக எழுப்புகிறது என்பதற்காக.

வாகனக் கடன் பெற்றவர்கள் அறிவார்கள்: கார் என்பது தேய்ந்துகொண்டே போகும் சொத்து. நம் நாட்டுக் காப்பீட்டு நடைமுறையில், நான்கு ஆண்டுகளைத் தாண்டி ஐந்தாம் ஆண்டில் இருக்கும் காரின் மதிப்பு, புதிய விலையில் பாதியாகக் கொள்ளப்படுகிறது. அமெரிக்காவில் மசில் கார் என்றழைக்கப்படும் ஒரு வகை மட்டும், தேய்ந்து அடிமட்டத்தைத் தொட்டபின், மறுபடியும் ஏறத் தொடங்கியது.

மசில் கார் என்பது நடுத்தர அளவுள்ள, விலை மலிவான குடும்பக் காரில், மிகப் பெரிய காருக்குரிய எஞ்சினைப் பொருத்தியது. 1964இல் பான்டியாக் நிறுவனம் கொண்டுவந்த ஜி.டி.ஓ.வைத்தான் பலரும் இதன் தொடக்கமாகக் கருதுகின்றனர். பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சின் கூடாதென்று விதித்திருந்தது. பான்டியாக்கின் பொறியாளர்கள் 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் என்ற காருக்கான விருப்பத் தொகுப்பாக விலைப்பட்டியலில் சேர்த்து, விதியைத் தாண்டாமலே தாண்டினர். 325 குதிரைத்திறன். அன்று நம் சாலைகளில் ஓடிய அம்பாசடரின் எஞ்சின் 1,489 சிசி; ஜி.டி.ஓ.வுடையதோ ஏறத்தாழ 6,400 சிசி. ஐயாயிரம் விற்றால் போதும் என்று எண்ணிய இடத்தில் முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றன.

அந்தக் காலம் பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. இளைஞர்களின் காப்பீட்டுக் கட்டணம் கடுமையாக உயர்ந்தது. 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. தொழிற்சாலைகள் எஞ்சின்களின் வலிமையைக் குறைத்தன. பயன்படுத்திய கார் விற்குமிடங்களில் இவை சீந்துவாரின்றி நின்றன. பிளிமத் நிறுவனத்தின் 1970ஆம் ஆண்டு சூப்பர்பேர்டு காரை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. பந்தயத்துக்காகக் கூம்பு மூக்கும் உயர்ந்த வால் சிறகும் வைத்துச் செய்த கார் அது. வாங்க ஆளில்லாமல், சில விற்பனையாளர்கள் அந்த மூக்கையும் சிறகையும் கழற்றிவிட்டுச் சாதாரணக் காராக விற்றுத் தீர்த்தனர். அன்று கழற்றப்பட்ட அந்த உறுப்புகளுக்காகத்தான் இன்று பெருந்தொகை தருகிறார்கள்.

விலை ஏறத் தொடங்கியதும் எழுந்த முதற்கேள்வி: இந்தக் கார் உண்மையிலேயே அந்தக் கார்தானா?

ஏனெனில் மசில் காரின் பிறப்பிலேயே ஒரு சிக்கல் உண்டு. அது பெரும்பாலும் தனி மாடல் அன்று, விருப்பத் தொகுப்பு. எடுத்துக்காட்டாக, 1970ஆம் ஆண்டின் செவர்லே செவல் எஸ்.எஸ். 454. இதில் எல்.எஸ்.6 எனப்பட்ட 450 குதிரைத்திறன் எஞ்சின் கொண்டவையே மிகவும் விரும்பப்படுகின்றன. ஆனால் அவ்வாண்டின் செவல் கார்களில் வாகன அடையாள எண்ணைப் பார்த்து, அது எஸ்.எஸ். தொகுப்புடன் பிறந்ததா, சாதாரணமாகப் பிறந்ததா என்று சொல்ல இயலாது. பெயர்ப்பட்டைகளும் கோடுகளும் இருக்கைகளும் கடையில் கிடைக்கின்றன. சாதாரண செவலை எஸ்.எஸ். ஆக்குவதற்குத் தேவையானது ஒரு நல்ல பணிமனையும் சில மாத உழைப்பும்தான். நகல் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் விற்கும்போதுதான், ஓய்வூதியப் பணத்தைக் கொண்டு இளமைக்கால ஆசையை நிறைவேற்றிக்கொள்ள வந்தவர் ஏமாறுகிறார்.

எனவே சான்று தேடும் கலை ஒன்று வளர்ந்தது. எஞ்சின் கட்டையில், அந்தக் காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தினால் 'எண் பொருந்திய கார்'. எஞ்சின் வார்க்கப்பட்ட நாள், கார் கட்டப்பட்ட நாளுக்குச் சற்று முற்பட்டதாக இருக்க வேண்டும். பிற்பட்டதாக இருந்தால் கதை முடிந்தது. பொறித்த எண்ணையே தேய்த்து அழித்து, வேறெண்ணை அடிக்கும் மோசடியும் உண்டு. ஆனால் அந்த முகப்பைத் தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்த மெல்லிய கோடுகள் தேய்க்கும்போது மறைந்துவிடும். தேர்ந்தவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் முதலில் தேடுவது எண்ணையன்று, அந்தக் கோடுகளை.

அதைவிட வலிய சான்று காகிதம். தொழிலாளர்களுக்கு வழிகாட்டும் கட்டுமானத் தாள் ஒவ்வொரு காருடனும் சென்றது. வேலை முடிந்ததும் எவரும் அதைப் பாதுகாக்க எண்ணவில்லை. செவர்லே தொழிற்சாலைகளில் எரிபொருள் தொட்டியின் மேலும், கிறைஸ்லர் தொழிற்சாலைகளில் இருக்கைச் சுருள்களின் இடையிலும் தங்கிவிட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் எண்ணெய்க்கறையுடன் கிடைக்கும் அந்தத் தாள், காரின் விலையையே மாற்றிவிடுகிறது. நம்மூரில் மூலப்பத்திரம் தொலைந்த வீட்டின் நிலையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கை குறைந்து, சான்றும் நிறைந்திருந்தால் விலை எங்கே போகும் என்பதற்கு ஒரு சான்று: 1971ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா, மேற்கூரை மடக்கும் வகை. அவ்வகையில் செய்யப்பட்டவை பதினொன்று; அவற்றுள் கையால் மாற்றும் நான்கு கியர் கொண்டவை மிகச் சில. அத்தகைய கார் ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 இலட்சம் டாலருக்குச் சென்றது.

அசலுக்கு மதிப்பு வந்ததும் மக்கள் அசலை அளவுக்கு மீறிப் புதுப்பிக்கத் தொடங்கினர். தொழிற்சாலையிலிருந்து வந்த காரில் வண்ணம் ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாக இருந்தது; இணைப்புகள் ஏறுக்குமாறாக இருந்தன. புதுப்பித்த கார்களோ பிறந்தபோதும் இல்லாத மினுக்கத்துடன் நின்றன. இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. தேர்ந்த வல்லுநர்கள், அன்றைய தொழிலாளி சுண்ணக்கட்டியால் இட்ட சோதனைக் குறியையும், தவறித் தெளித்த வண்ணத்தையும்கூட அதே இடத்தில் திரும்ப வரைகிறார்கள். குறைகளை நகலெடுப்பதற்கும் கூலி உண்டு என்பது வேடிக்கைதான். ஆயினும் தொடப்படாத காரின் இடத்தை அதுவும் எட்டுவதில்லை. பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுத்தவர், எத்தனை டாலர் கொடுத்தாலும் அதை மீட்க இயலாது. புதுப்பிக்கும் பணிமனைக்குக் காரை அனுப்புமுன் ஓராண்டு சும்மா இருப்பது நல்லது என்பது நம் எண்ணம்.

ஆனால் இந்த அசல் வழிபாட்டில் நெருடும் செய்தி ஒன்று உண்டு. 1960களில் இக்கார்களை வாங்கிய இளைஞர்கள் அவற்றை அப்படியே வைத்திருக்கவில்லை. வாங்கிய மறுநாளே சக்கரங்களை மாற்றினர், புகைபோக்கிக் குழாயை மாற்றினர், கார்புரேட்டரை மாற்றினர். அமெரிக்கர்கள் இத்தகைய கார்களை 'இரண்டாம் நாள்' கார்கள் என்றே அழைக்கின்றனர். அப்படியானால், எழுபது வயதுக்காரர் ஒருவர் கண்மூடி நினைத்துப் பார்க்கும் கார் எது? அண்டை வீட்டு அண்ணன் சனிக்கிழமை இரவில் உறுமலுடன் ஓட்டிச் சென்ற, மாற்றப்பட்ட கார். சந்தை பணம் தருவதோ, அன்று தெருவில் எவரும் அதிகம் கண்டிராத, மாற்றப்படாத காருக்கு. நினைவு ஒன்றிலும் பணம் மற்றொன்றிலும் நிற்கின்றன.

புல்லிட் கார் இங்கேதான் நமக்கு உதவுகிறது. அது மாற்றப்பட்ட கார். படத்துக்காக அதன் பெயர்ப்பட்டைகள் நீக்கப்பட்டன, சக்கரங்கள் மாற்றப்பட்டன, அதிர்வுதாங்கிகள் வலுப்படுத்தப்பட்டன; படக்கருவியைத் தாங்க அடியில் குழாய்கள் பற்றவைக்கப்பட்டன. எவரேனும் நல்லெண்ணத்துடன் அந்தக் குழாய்களை வெட்டியெடுத்து, தொழிற்சாலை நிலைக்கு அதை மீட்டிருந்தால், பத்தில் ஒரு பங்கு விலைகூடக் கிடைத்திருக்காது என்று துணிந்து சொல்லலாம். யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பதற்குச் சாட்சி இருந்தால் மாற்றமும் அசலாகிவிடுகிறது.

மற்றொரு வகை மாற்றம் இன்று பெருகிவருகிறது. வெளியே பழைய உடல். உள்ளே புதிய எஞ்சின், மின்னணு எரிபொருள் செலுத்தி, டிஸ்க் பிரேக், குளிர்சாதனம். இதனை 'ரெஸ்டோமாட்' என்கிறார்கள். தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். ஆனால் 1964ஆம் ஆண்டின் ஜி.டி.ஓ. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் மட்டுமே கொண்டது. 325 குதிரைகளை அதைக்கொண்டு நிறுத்திப் பார்த்தவர், மாற்றத்தை அவ்வளவு எளிதில் பழிக்கமாட்டார். சாதாரண எஞ்சினுடன் பிறந்த காரை இப்படி மாற்றுவதில் இழப்பு சிறிது. நன்கு செய்த ரெஸ்டோமாட் சில ஏலங்களில் அசல் காரையும் விஞ்சுகிறது. எனினும் செய்து முடிக்க ஆன செலவு விற்பனையில் திரும்பாமற் போவதே வழக்கம். எண் பொருந்திய அரிய காரில் இதைச் செய்பவரோ, பத்திரத்தைக் கிழித்துக் கப்பல் செய்கிறார். விவரமறிந்தோர் கழற்றிய எஞ்சினைத் துணிசுற்றி மூலையில் வைத்திருப்பார்கள். மீட்கக்கூடிய மாற்றம், மீட்க இயலாத மாற்றம் என்ற பிரிவே விலையில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

ஏக்கத்துக்கும் வயதுண்டு. இக்கார்களைப் பதினாறு வயதில் ஏங்கிப் பார்த்தவர்கள், ஐம்பதைக் கடந்து கையில் பணம் சேர்ந்தபோது வாங்கினர். 2006, 2007 ஆண்டுகளில் விலை உச்சம் தொட்டது. அடுத்து வந்த நிதி நெருக்கடியில் விலைகள் சரிந்தன. கடன் வாங்கி உச்சத்தில் வாங்கியவர்கள் பட்ட துன்பத்தைப் பட்டியலிட வேண்டியதில்லை. இன்று ஏலத்துக்கு வரும் இளையவர்களின் நினைவு வேறு. 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தில் பால் வாக்கர் ஓட்டிய 1994ஆம் ஆண்டு டொயோட்டா சூப்ரா, 2021இல் 5.5 இலட்சம் டாலருக்கு விற்றது. அதுவும் தலைமுதல் கால்வரை மாற்றப்பட்ட கார்.

நம் நாட்டிலோ இந்த வழக்கில் அரசே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 2021 ஜூலையில் வெளியான மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதற்பதிவுக்குப் பின் 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விண்டேஜ்' என்று பதிவு பெறலாம். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆனால் சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் ஏதுமின்றி அசல் வடிவில் இருக்க வேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தக்கூடாது. ஒரு காலத்தில் நம் பெருநகரங்களில் ஓடிய செவர்லே, பிளிமத், டாட்ஜ் கார்கள் பலவற்றில், பெட்ரோல் விலை ஏறியபோது டீசல் எஞ்சினைப் பொருத்திவிட்டார்கள். பசிக்குச் செய்த மாற்றம். அன்று அது சரியான முடிவுதான். அவற்றின் வாரிசுகளுக்கு இந்த விதி சற்றுக் கசக்கும்.

வீட்டில் அப்படியொரு கார் நிற்குமானால், பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் காரில் உள்ளவற்றுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் வேலை. எஞ்சின் மாற்றம் சான்றிதழில் பதியப்படாமல் விடுபட்டிருப்பதைப் பலர் விற்கும்போதுதான் அறிகின்றனர். ஐந்து ஆண்டுகளைக் கடந்த வாகனத்துக்குக் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகையே. கேட்காமல் இருந்தால் பழைய இரும்பின் மதிப்பே எழுதப்படக்கூடும். நிழற்படங்களும் பழைய பணிமனை இரசீதுகளும் கையிலிருந்தால் பேச்சு வேறாகும்.

மசில் காரின் சாயலை நம்மவர்கள் கண்டது 1984இல் வந்த கான்டெஸாவில். நீண்ட முகப்பும் அகன்ற தோளுமாக வந்த அந்தக் காருக்குத் தொடக்கத்தில் வாய்த்ததோ அம்பாசடரின் எளிய எஞ்சின்தான். ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பின்னர் 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் வந்தபின்தான் உருவத்துக்கேற்ற ஓட்டம் கிடைத்தது. முதற்கார்களை வாங்கியவர்களிலும் சிலர் எஞ்சினை மாற்றிக்கொண்டனர். மாற்றாமல் வைத்திருப்பவர்கள், 'வி.ஏ.' எழுத்துகளுக்காக 2034 வரை காத்திருக்க வேண்டும்.