‘எனக்கு ஞாபகம் நிக்காது’: முதியோரின் நம்பிக்கையும் நினைவாற்றலும்

வயது கூடக் கூட நினைவாற்றல் சற்று மெதுவாவது இயல்பு. தெரிந்த பெயர் நாக்கு நுனியில் நிற்கும். புதியதைப் பழக நாள் பிடிக்கும். "இனி எனக்கு ஞாபகம் நிக்காது" என்ற முடிவு இந்தத் தடுமாற்றத்தைக் கூட்டிவிடுகிறது. அப்படி நம்புபவர் யோசித்துப் பார்க்கும் முயற்சியையே விட்டுவிடுகிறார். முயலாததால் பதில் வருவதில்லை. வராததைக் கண்டு நம்பிக்கை மேலும் சரிகிறது.

2001-இல் உளவியலாளர் லின் ஹாஷரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், நினைவுச் சோதனை என்று வலியுறுத்தியபோது முதியோர் இளையோரைவிடப் பின்தங்கினர். அதே பயிற்சியை நினைவைப் பற்றிப் பேசாமல் கொடுத்தபோது வேறுபாடு தெரியவில்லை.

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில், தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகளே படித்துவிட்டு மரம் சீவப் போனவர்கள் பலர். தன் நிரையில் எந்த மரம் பால் வற்றியது என்று இன்றும் சொல்லக்கூடிய பாட்டி, கிளினிக்கின் நினைவுச் சோதனையில் மலாய் மொழியில் கேட்கும் கேள்விக்குத் திணறலாம். படம் வரைதல், கழித்தல் கணக்கு போன்றவற்றில் கிடைக்கும் மதிப்பெண், நினைவோடு பள்ளிப் படிப்பையும் மொழிப் பழக்கத்தையும் சேர்த்தே காட்டுகிறது. ஆகவே தமிழில் விளக்கும்படி கேட்கலாம். எந்த வகுப்புவரை படித்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தன் நினைவை நம்பாத முதியவர் சில நேரம் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் பிறரிடம் கொடுத்துவிடுகிறார். படிக்காமலே பத்திரத்தில் கையொப்பமிடுகிறார். வயதோ சாதாரண மறதியோ எவருடைய உரிமையையும் பறிக்காது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பார்ப்பது, கையொப்பமிடும் நேரத்தில் அவர் அதைப் புரிந்துகொண்டு நன்மை தீமையை எடைபோட முடிந்ததா என்பதையே. மோசடிக்காரரிடம் பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழைக்க வேண்டும்.

பழகிய வழி தவறுதல், ஒரே மாத்திரையை இருமுறை விழுங்குதல், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டல் ஆகியவை தொடர்ந்தால், "வயசாயிடுச்சு" என்று விடக்கூடாது. அரசு சுகாதார கிளினிக்கில் காட்ட வேண்டும். தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, மருந்தின் பக்கவிளைவு ஆகியவற்றால் வரும் மறதியைப் பல நேரங்களில் சிகிச்சையால் சீராக்க முடியும். காது மந்தமும் மறதிபோலத் தோன்றும், செவிக்கருவி உதவும்.

மாத்திரைப் பெட்டி, நாட்காட்டிக் குறிப்பு, சமூகநலத் துறையின் முதியோர் நடவடிக்கை மையம் ஆகியவை துணைநிற்கும். முதியவர் யோசிக்கும்போது வீட்டார் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் காத்திருக்க வேண்டும். அந்தச் சில நொடிப் பொறுமையைக் கொடுப்பது குடும்பத்தின் கடமை.