காய்ச்சல் விட்டாச்சு, நெஞ்சு ஏன் வலிக்கிறது?

சளியும் காய்ச்சலும் விட்டு ஒரு வாரம், பத்து நாள் ஆகியிருக்கும். திடகாத்திரமான இளைஞருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும். ‘இந்த வயசில் என்ன மாரடைப்பு, வாயுவாக இருக்கும்’ என்று வீட்டில் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால், அது மயோகார்டைட்டிஸ் எனும் இதயத் தசை அழற்சியாகவும் இருக்கலாம்.

இதற்குப் பேர்போன வைரஸ் காக்சாக்கி பி. போலியோவைத் தேடப்போன கில்பர்ட் டால்டார்ஃபும் கிரேஸ் சிக்கில்ஸும் 1948-ல் இந்த வைரஸ் குடும்பத்தைக் கண்டறிந்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் அது கிடைத்த ஊரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

இதயத் தசைச் செல்லுக்குள் புகும் இந்த வைரஸ், செல்லுக்கு உறுதி தரும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்தைத் தன் நொதியால் நறுக்கிவிடும். முதலில் இதைத் தடுக்க வருபவை, நம் எதிர்ப்பாற்றலின் படைகளான இன்டர்ஃபெரானும் இயற்கைக் கொல்லி செல்களும். அவை தளர்ந்தால் வைரஸ் தலைகால் தெரியாமல் பெருகும். அடுத்து வரும் டி செல்கள், தொற்றுள்ள தசைச் செல்களையே அழிக்கின்றன. கிழிந்த தோல் வளர்ந்து மூடிக்கொள்ளும். இதயத் தசைக்கு அந்த வரம் இல்லை. செத்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். உடைந்த செல்களிலிருந்து மயோசின் வெளியே கசிய, சிலருக்கு அந்தச் சொந்தப் புரதத்துக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உருவாகிவிடுகிறது. வைரஸ் அடங்கிய பிறகும் சிலரின் இதயம் வீங்கித் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டி செல்கள் நீக்கப்பட்ட எலிகளுக்குக் காக்சாக்கி தொற்றியபோது இதயப் பாதிப்பும் மரணமும் குறைந்ததை 1974-ல் உட்ரஃப் தம்பதியின் ஆய்வு காட்டியது. அப்படியானால் எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கிவிடலாமே? 111 நோயாளிகளிடம் அதைச் சோதித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1995-ல் வெளியானது. இதயம் ரத்தத்தை இறைக்கும் திறனிலும் சரி, உயிர் பிழைப்பதிலும் சரி, தனிப் பலன் இல்லை. வைரஸை விரட்டுவதும் அதே எதிர்ப்பாற்றல்தானே! ராட்சத செல் அழற்சி போன்ற சில வகைகளுக்கு மட்டும் அந்த மருந்துகள் அவசியம். ஆகவே, எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டை யாரும் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது.

1970-ல் வெளியான இன்னொரு எலி ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். காக்சாக்கி தொற்றிய எலிகளை நீந்தவிட்டபோது, இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகி, சாவும் கூடியது. காய்ச்சலோடு ஜிம்முக்கும் மைதானத்துக்கும் ஓடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது பதைக்கிறது. உடம்பு முழுதாகத் தேறும்வரை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பின் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு, மயக்கம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், அண்மையில் காய்ச்சல் வந்ததை மறக்காமல் சொல்லுங்கள். ஈசிஜி, டிரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ மூன்றையும் தள்ளிப்போடாதீர்கள்.