சிசுக்களின் பிறவிக் குறையும் குடும்பத்தின் நிலைமையும்

அங்கக் குறையுடன் ஒரு சிசு பிறந்துவிட்டால், கிரகணத்தின்போது தாய் வெளியே வந்ததே காரணமென்று கிராமத்தில் பேசுவது வழக்கம். இதற்கு ஆதாரம் யாதுமில்லை. பரம்பரையால் வரும் குறைகள் உள. காரணம் புலப்படாத குறைகளும் பல உள. ஆயினும் கடுமையான பிறவிக் குறையுள்ள சிசுக்களில் பத்தில் ஒன்பது, வருமானம் குறைந்த தேசங்களிலும் நடுத்தர வருமானமுள்ள தேசங்களிலுமே பிறக்கின்றன. பெரும்பாலான பிரசவங்கள் அங்கே நிகழ்வது இதற்கு ஒரு காரணம். வறுமையும் கல்விக் குறைவும் மற்றொரு காரணம். இதற்கு ஓர் உதாரணத்தைக் கவனிக்கலாம்.

கருவில் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு குழலைப்போல் உருவாகின்றன. கருத்தரித்த சுமார் 28 நாட்களுக்குள் அக்குழல் மூடிக்கொள்ள வேண்டும். மூடாது நின்றால், மண்டையோடு அமையாமலோ முதுகெலும்பு பிளந்தோ சிசு பிறக்கும். குழல் செவ்வனே மூடுவதற்கு உதவுவது, கீரையிலும் பயறு வகைகளிலும் உள்ள ஃபோலேட் என்னும் ஜீவசத்து. ஃபோலிக் அமிலம் என்ற பெயரில் அது மாத்திரையாகக் கிடைக்கிறது.

பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உண்டான ஒருவகைச் சோகை ஈஸ்ட் சத்தினால் குணமாவதை, லூஸி வில்ஸ் என்னும் மாது 1931-ம் வருஷத்தில் வெளியிட்டார். அச்சத்தில் இருந்தது இந்த ஜீவசத்தே எனப் பின்னர் தெரியவந்தது. முன்னரே இக்குறையுள்ள சிசுவைப் பெற்ற ஸ்திரீகளைக் கொண்டு 7 தேசங்களில் நடந்த பரீட்சையின் முடிவு 1991-ம் வருஷத்தில் வெளியாயிற்று. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டவர்களுக்கு, அக்குறை மீண்டும் நேர்வது 72 சதவிகிதம் குறைந்தது.

இங்கேதான் கல்வியின் அவசியம் விளங்குகிறது. கர்ப்பம் உறுதியாகி ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது பெரும்பாலும் அந்த 28 நாட்கள் கடந்துவிடுகின்றன. ஆகவே இவ்விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். படித்த பெண் இதை அறிய வழியுண்டு. அன்றாடக் கூலியை நம்பிய குடும்பத்துப் பெண்ணோ கீரையும் பயறும் போதிய அளவு உண்பதில்லை. ஒருநாள் கூலியை இழந்து வைத்தியரிடம் போகவும் அவளால் இயலாது. ஐக்கிய அமெரிக்காவில் 1998-ம் வருஷம் முதல் தானிய மாவில் ஃபோலிக் அமிலம் கலப்பது கட்டாயமாக்கப்பட்டது. அங்கு இக்குறையுடன் பிறக்கும் சிசுக்களின் தொகையும் குறைந்தது.

கருத்தரிக்க உத்தேசிக்கும் ஸ்திரீகள் அதற்கு முன்பிருந்தே, கர்ப்பத்தின் 12 வாரம் வரை, தினந்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும். முன்னர் இக்குறையுள்ள சிசுவைப் பெற்றவர்களுக்கு அதிக அளவு தேவை. அதை வைத்தியரே நிர்ணயிக்க வேண்டும். கீரை வெந்த நீரைக் கொட்டினால் இச்சத்தில் ஒரு பகுதி வீணாகும். இம்மாத்திரை எல்லாக் குறைகளையும் தடுக்காது என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

விவாகத்துக்கென ஆயிரக்கணக்கில் கடன் வாங்கும் குடும்பத்துக்கு இம்மாத்திரையின் விலை பெரிதன்று. பெரிய குறை விஷயம் தெரியாமையே. சங்க அங்கத்தினர்கள் மகாசபைக் கூட்டங்களில் இதை எடுத்துச் சொல்லி, பெண் குழந்தைகளின் படிப்பு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வார்களாக. குறையுள்ள சிசுவைப் பெற்ற தாய் பழிக்கு உரியவளல்லள். ஊராரின் ஆதரவுக்கே உரியவள்.