சட்டையில் குத்திய தேர்ச்சக்கரம்

போடிநாயக்கனூர் கல்லூரிப் பிள்ளைகள் முந்தல், குரங்கணிப் பக்கம் முகாமுக்குக் கிளம்பும்போது சட்டைப் பைக்கு மேலே சிவப்பும் கருநீலமுமாக ஒரு வட்ட பேட்ஜ் தெரியும். என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டத்தின் சின்னம் அது. அசோகச் சக்கரம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஆரங்கள் 24, இதற்கு எட்டுதான்.

காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. சின்னத்துக்கு மாதிரி, ஒடிசாவின் கோனார்க் சூரியன் கோயில் சக்கரம். 13-ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் முதலாம் நரசிம்மதேவன், கோயிலையே சூரியனின் தேராகக் கட்டினான். அந்தத் தேருக்கு 24 கல் சக்கரங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்தடி விட்டம்.

எட்டு ஆரம் என்பது எட்டுச் சாமம். சாமத்துக்கு மூன்று மணி நேரம். நம் பழைய கணக்கில் ஏழரை நாழிகை. கோனார்க்கில் தடித்த ஆரங்களுக்கு நடுவே மெல்லிய ஆரமும் உண்டு. அது ஒன்றரை மணி. சக்கரத்தின் நடுக்குடத்திலிருந்து விழும் நிழலை வைத்து நிமிஷ சுத்தமாக மணி சொல்லலாம் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அவ்வளவு துல்லியம் இருக்க வழியில்லை. சுவரிலிருந்து நேராக நீட்டிய குடத்தின் நிழல், ஒரே மணிக்குத் தையில் ஓரிடத்திலும் சித்திரையில் வேறிடத்திலும் விழும். ஆனியில் அங்கே சூரியன் நாள் முழுக்க வடபுறமாகவே போவதால், தென்சுவர்ச் சக்கரங்களுக்கு வெயிலே கிடையாது. போடியில் நட்டாலோ கதை இன்னும் மோசம்! மேற்கே மலை மறைத்துக்கொள்வதால் சாயங்காலம் நிழலே இருக்காது.

கடிகாரமாகத் தேறாவிட்டாலும் சின்னமாகச் சக்கரம் நன்றாகவே தேறுகிறது. எட்டு ஆரமும் சேர்ந்து 24 மணி நேரம். எந்நேரமும் தொண்டுக்குத் தயார் என்று பொருள். சிவப்பு, இளரத்தத்தின் துடிப்பு. கருநீலம் பிரபஞ்சம், அதில் இந்தத் திட்டம் ஒரு துளி. விதிமுறை கேட்பது என்னவோ இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரமும் ஒரு ஏழு நாள் முகாமும்தான். மலையடிவாரக் கிராமத்தில் மண்வெட்டி பிடித்தவர்களுக்கு அதுவே நீளம்.

பேட்ஜ் கைக்குக் கிடைக்காதவர்கள் 2018 முதல் வரும் பழுப்பு நிறப் பத்து ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். அதே கோனார்க் சக்கரம்தான், ஆரங்களை எண்ணிக்கொள்ளலாம்.